மாப் பையில் வரைந்த கடல்

கோதுமை மா வந்த துணிப்பை ஒன்றைப் பிரித்துத் துவைத்து, சலவை நீலத்தால் கடலை வரைந்த உலகப்படம் ஒன்று என் தகர றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது. வரைந்தவர் எங்கள் சரித்திர ரீச்சர். தொண்ணூறுகளின் நடுவில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து, தர்மபுரத்தில் நான் புவியியல் படிப்பித்த கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். கடற்றொழில் செய்யும், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். போர்த்துக்கேயர் ஆபிரிக்காவைச் சுற்றி வந்த வழியைக் கரிக்கட்டியால் கீறிக் காட்டுவார். "பீரங்கி மட்டும் இல்லைப் பிள்ளையள், எந்த மாதம் எந்தக் காத்து எண்டு தெரிஞ்சவன்தான் ராச்சியம் பிடிச்சவன்" என்பார். கூட்டம் கூட்டமாகச் சனம் கடல் கடந்தபோது பழைய அரசுகள் சரிந்ததையும் சொல்வார். ஒருநாள் ஒரு பிள்ளை எழும்பி, "நாங்கள் இவ்வளவு சனம் இடம்பெயர்ந்தமே, அதாலை எந்த ராச்சியம் மாறினது ரீச்சர்?" என்று கேட்டாள். அவர் கரிக்கட்டியை வைத்துவிட்டுப் படத்தை மடித்தார். பக்கத்துக் கொட்டிலில் என் வகுப்பும் அவர் பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அதில் எனக்கு எரிச்சல் இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்கு ஒரே தம்பி. சண்டைக்குள் அகப்படும் முன் மன்னார்க் கரையில் படகேற்றி அவனை இந்தியாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே நினைப்பு. ஐப்பசி வரட்டும் என்றார் படகுக்காரர். ரீச்சருக்கோ ஒவ்வொரு நாளும் நெருப்பில் நிற்பது போலிருந்தது. இடைவேளையில் படத்தை விரித்து என்னிடம் கேட்டார்.

"ஆடியிலை கடல் குளம் மாதிரிக் கிடக்கும் சேர். எங்கட அப்பா ஆடியிலைதான் தூரம் போறவர். இப்பவே போகட்டும், என்ன?"

அவர் சொன்னது முல்லைத்தீவுக் கடல். கிழக்குக் கரைக்கு அது சரி. தென்மேற்குக் காற்று வீசும் அந்த மாதங்களில் மன்னார் பக்கத்து மேற்குக் கடல் கொந்தளிக்கும் என்பது நான் வருடாவருடம் படிப்பிக்கும் பாடம். ஆனாலும் அந்த நேரத்து எரிச்சல் வாயைக் கட்டிவிட்டது. "உங்களுக்குத் தெரியாத கடலோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, சோக்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அவர் மன்றாடியதில் படகுக்காரர் இசைந்தார். ஆடி நடுவில் தம்பி ஏறினான். படகு அக்கரை சேரவில்லை. அதன் பலகைகள் சில மட்டும் கரையொதுங்கின.

இரண்டு கிழமை கழித்து ரீச்சர் பள்ளிக்கூடம் வந்தார். படத்தை மடித்து என் மேசையில் வைத்தார்.

"அந்தப் பக்கத்துக் காத்து வேறையாம். உங்களுக்கு முதலே தெரியுமோ சேர்?"

"எனக்கும் வடிவாத் தெரியாது ரீச்சர்."

மடித்த படத்தை என் பக்கம் தள்ளினார். "அப்ப இதை நீங்களே வைச்சிருங்கோ. காத்துப் பாடம் உங்கடைதானே" என்றார்.

அடுத்த இடப்பெயர்வில் அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. நீலம் வெளிறிவிட்டது. ராச்சியம் பிடிக்க வந்த கப்பல்களின் கரிக்கோடுகள் மட்டும் இன்னும் அழியவில்லை. மன்னாருக்கும் இந்தியாவுக்கும் நடுவில், ஒரு கோடு கீறவும் இடம் போதாது. விரித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் விரலை வைத்து, "ஓம் ரீச்சர், தெரியும்" என்று சொல்லிப் பார்க்கிறேன்.