சுற்றுவழிச் சின்னம்மா

சின்னம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கடல் கடந்த கரும்புத் தீவில், ரிவியேர் தே ஸாங்கீய் ஊருக்குப் பக்கத்தில் எஸ்டேட்டை ஒட்டிக் கிடந்த அந்தக் கிராமத்தில் இதைச் சொல்லாதவர்கள் கிடையாது. புருஷன் ஐயாசாமி இரண்டு ஏக்கரில் கரும்பு போட்டிருந்தான். அவள் மூன்று பசு வைத்திருந்தாள். விடிந்ததும் எஸ்டேட் மேனேஜர் வீட்டுக்குப் பால் கொண்டுபோவாள். பாலை ஊற்றியதும் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

மேனேஜரின் மனைவி மதாம் கொலெட் பிரான்ஸிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி. வாசலில் மாவிலை எதற்கு, காலில் மஞ்சள் எதற்கு, இலையில் ஏழு கறி வைப்பது எதற்கு? சின்னம்மாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. தெரியாததற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. தீவின் கிரியோல் பேச்சில் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லிவிட்டு வருவாள்.

"நம்ம பழக்கமெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரிய வேணாமா?" என்று ஐயாசாமியிடம் பெருமையாகக் கேட்பாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

1909ஆம் வருஷம், தைப்பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, அந்தப் பெருமை அவளைக் கொண்டுபோய்ப் படுகுழியில் தள்ளியது.

ஆற்றிலிருந்து கோயிலுக்குக் காவடி வரும் பாதை எஸ்டேட்டின் கரும்புக்கு நடுவே போகிறது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழி. போன அறுவடையில் யாரோ அணைக்காமல் போட்ட சுருட்டில் நாற்பது ஏக்கர் எரிந்துபோனது. அதிலிருந்து மேனேஜர் முசியே க்ளோடுக்குச் சரியான தூக்கமில்லை. பாதையில் இரண்டு கல் தூண் நட்டு இரும்புக் கேட் போட்டார். இந்த வருஷம் மட்டும் காவடிக்குத் திறப்பதாகவும், அடுத்த வருஷம் பெரிய ரோட்டில் மூன்று மைல் சுற்றிப் போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று காலை அவரும் வராந்தாவில் இருந்தார். மதாம் காவடியைப் பற்றிக் கேட்டாள்.

"பத்து நாள் விரதம், மதாம். மீனு, கறி கிடையாது, பாய்லதான் படுக்கணும். பூசத்தன்னிக்குக் கறந்த பாலைச் செம்புல ஊத்தி, மேளத்தோட நின்னு நின்னு வெயில்ல மூணு மணி நேரம் தலையில சுமப்போம். விரதம் சுத்தமா இருந்தா பால் திரியாது."

மேனேஜர் சிரித்தார். சர்க்கரை ஆலைக்காக ரசாயனம் படித்தவர் அவர்.

"இந்த வெயில்லயா? திரியாதா?"

"திரியாது, முசியே."

"சரி, நானே வந்து உன் செம்பைப் பாக்கறேன். திரியலேன்னா அந்த வழி எப்பவும் உங்களுக்குத்தான். திரிஞ்சிருந்தா கேட்டைப் பூட்டிடுவேன். சம்மதமா?"

அங்கேயாவது அவள் வாயை மூடியிருக்கலாம். "சம்மதம். இது என் வாக்கு, முசியே" என்றாள்.

செய்தி அவளுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்தது. ஐயாசாமி தலையில் அடித்துக்கொண்டான். "முருகனையே பந்தயத்துல வச்சுட்டியேடி! ஊரு வழியை வைக்க நீ யாரு?" என்றான். ஆற்றில் துணி துவைக்கும் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவளைத் திட்டாத ஒரே ஆள் பூசாரிதான். "ஆனது ஆச்சும்மா. இனி விரதத்தை ஒழுங்கா இரு" என்று மட்டும் சொன்னார்.

இருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். யார் என்ன குத்திப் பேசினாலும் பதில் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை இதுதான் பெரிய தவம். பத்தாவது நாள் ஆற்றில் முழுகி எழுந்து, பால் செம்பைத் தலையில் வைத்தாள்.

மொத்தம் நாற்பது செம்பு. சுமப்பவர்கள் எல்லார் வாயிலும் மஞ்சள் துணி கட்டியிருந்தது. கோயில் சேரும்வரை பேசக் கூடாது. மேளம் முன்னால் போக, காவடி கிளம்பியது. எஸ்டேட் கேட்டுக்கு வந்தபோது பெரிய பூட்டு தொங்கியது. காவல்காரன் ரோபெரைக் காணவில்லை.

செம்பு எடுக்காமல் கூட வந்த ஐயாசாமி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனான். நிழலுக்கென்று ஒரு மரம்கூட இல்லை. கொதிக்கும் அந்த மண்பாதையில் வெறுங்காலோடு கால் மாற்றி மாற்றி நின்றார்கள். கால் மணி ஆனது, அரை மணி ஆனது. சின்னம்மாவின் தலையில் செம்பு சுட்டது. தூரத்தில் மேனேஜர் வீட்டு வராந்தா தெரிந்தது. அங்கே வெள்ளை உடுப்பில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேணும்னே செய்யறான், பால் திரியட்டும்னு காத்திருக்கான் என்று அவளுக்குத் தோன்றியது. பத்து நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நொடியில் பொங்கியது.

'உன் கரும்பு மொத்தமும் எரிஞ்சு சாம்பலாப் போகட்டும்!'

மனதுக்குள்தான் சொன்னாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரோபெர் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஆற்றுப் பக்கம் கோவேறு கழுதை ஒன்று அறுத்துக்கொண்டு ஓடியதாம். அதைப் பிடிக்கப் போனவன் சாவியையும் கையோடு கொண்டுபோய்விட்டானாம். சேறு முழங்கால்வரை அப்பியிருந்தது. சூதும் இல்லை, வாதும் இல்லை. மீதி வழி முழுக்கச் சின்னம்மா முருகனைக் கூப்பிடவில்லை. கூப்பிட வெட்கமாக இருந்தது.

கோயிலில் மேனேஜர் கைகட்டி நின்றார். சின்னம்மா சொல்லிக் கொடுத்தபடி மதாம் கொலெட் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். பூசாரி ஒவ்வொரு செம்பாக வாங்கி வேலின் மீது ஊற்றினார். முப்பத்தொன்பது செம்புப் பாலும் வெள்ளை வெளேரென்று வழிந்தது. சின்னம்மாவின் செம்பைச் சாய்த்தார். கட்டி கட்டியாக விழுந்தது.

மேளம் நின்றது.

"கேட்டுதான் காரணம்! அரை மணி நேரம் வெயில்ல நிக்க வச்சுட்டாங்க!" என்று ஐயாசாமி கத்தினான். கூட்டமும் சேர்ந்து கத்தியது. மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. உண்மையில் அவர் நியாயமான மனுஷன்.

"அவன் சொல்றது சரிதான். தாமதம் எங்க தப்பு. இது வெயிலோட வேலை. இதை நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

தப்பித்தாகிவிட்டது. தலையை ஆட்டினால் போதும். சின்னம்மா வாய்த்துணியை அவிழ்த்தாள்.

"இல்ல முசியே. நாப்பது செம்பும் அதே வெயில்லதான் நின்னுச்சு. கேட்டுகிட்ட நிக்கறப்ப, உங்க கரும்பு எரிஞ்சு சாம்பலாகட்டும்னு மனசுக்குள்ள சொன்னேன். விரதம் வயித்துக்கு மட்டும் இல்ல, மனசுக்கும்தான். அதை உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

ஐயாசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சின்னம்மா அழுதாள். அழுதுகொண்டே பேசினாள்.

"தப்பு பண்ணது நான். வாக்குக் குடுத்ததும் நான். எனக்கு வழியை மூடுங்க. இவங்க பால் திரியலையே, இவங்களுக்கு ஏன் மூடணும்?"

"சரி" என்றார் மேனேஜர்.

அடுத்த பூசத்தன்று எல்லாரும் கேட் வழியாக வந்தார்கள். சின்னம்மா மட்டும் தலையில் செம்போடு பெரிய ரோட்டில் மூன்று மைல் சுற்றி, எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கழித்துக் கோயிலுக்கு வந்தாள். பால் திரியவில்லை. அவளும் கேட் வழியாகப் போகலாம் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். அவள் கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் கேட்டையே கழற்றிவிட்டார். மதாம் கொலெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் கேட்டே இல்லையே, இன்னும் எதுக்குச் சுத்தற?" என்று கேட்டாள்.

"கேட்டுதான் போச்சு, மதாம். வாக்கு இருக்கே."

பூசத்துக்கு மட்டுமில்லை, புல் அறுக்க, ஆற்றுக்குப் போக, எதற்கும் அந்தப் பாதையில் அவள் கால் வைக்கவில்லை. ஊர் அவளைச் 'சுற்றுவழிச் சின்னம்மா' என்று கிண்டல் பண்ணியது. இருபத்தைந்து பூசத்துக்கு அப்படியே சுற்றினாள். செம்பு ஒரு தடவையும் அவளைக் கைவிடவில்லை.

1934இல், கரும்பு ஆள் உயரம் வளர்ந்திருந்த ஜூலை மாதம் போய்ச் சேர்ந்தாள். சுடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது. எஸ்டேட் பாதையில் கால் மணி நடை. பாடை தூக்கியவர்கள் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடந்த மகன் தனராஜ் நின்றான்.

"அங்க வேணாம். அம்மா வாக்குக் குடுத்திருக்கு. சுத்திப் போங்க."

தூறலில், மூன்று மைல், தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனார்கள்.

புதிதாக வந்திருந்த இளைய மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பக்கத்தில் வழி இருக்க ஏன் ஊர் சுற்றுகிறார்கள் என்று கிழவன் ரோபெரிடம் கேட்டார். ரோபெர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"இந்த வழி அந்த அம்மாவுக்கு மட்டும் மூடியிருக்கு, முசியே" என்றான்.

புது மேனேஜர் பாதையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கல் தூண்கள் மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றன.