வாப்பா கடைசியாகத் தொழுத திசை

அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்குகிறேன். அதிகம் படித்தவன் இல்லை. பிழையிருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாப்பா காயல்பட்டினத்தில் பிறந்தார்கள். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, தூத்துக்குடிக்கு வந்து சங்கு குளிக்கப் போனார்கள். கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துத்தான் எங்கள் நாலு பேரையும் வளர்த்தார்கள்.

படகிலும் தொழுகையை விட்டதில்லை. மேலே ஏறியதும் ஒரு வாளி கடல் தண்ணீரை மொண்டு, முறைப்படி முகம், கை, கால் கழுவி ஒளு செய்வார்களாம். படகு ஓட்டிய கிறிஸ்தவ அண்ணாச்சி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

“ஓய் பாய், காலையிலேருந்து தண்ணிக்குள்ளதான கெடக்கீரு? மேல வந்து இன்னும் எதக் கழுவுதீரு?”

“அது சங்குக்கு முங்குனதுவே. இது தொழுகைக்கு.”

படகு எப்படித் திரும்பினாலும், காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்தே, தொழ வேண்டிய கிப்லாத் திசையான மேற்கைச் சொல்லிவிடுவார்களாம்.

எங்களிடமும் அதே கண்டிப்புதான். ஒளுவில் குதிகால் நனையாமல் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டால் திருப்பி அனுப்புவார்கள். “நம்ம இஷ்டத்துக்குத் தொழக் கூடாதுலே. காட்டித் தந்தபடி தொழணும்” என்பார்கள்.

கடைசி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கையில் ஊசி இருந்ததால் தண்ணீர் கூடாது. ஒளுவுக்குப் பதிலாகத் தட்டில் சுத்தமான மண் கொண்டுபோனேன். அதைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டார்கள். பிறகு கேட்டார்கள்: “கிப்லா எந்தப் பக்கம்லே?”

கால் நீட்டி முகம் பார்த்திருந்த பக்கம் கிழக்கு. அந்தப் பக்க ஜன்னலுக்கு அப்பால் கடல். கட்டிலைத் திருப்பக் கேட்டேன். “ஆக்ஸிஜன் பைப் எட்டாது அண்ணாச்சி” என்றது நர்ஸ் பிள்ளை. வாப்பாவிடம் உண்மையைச் சொன்னால் பைப்பைப் பிடுங்கிவிட்டு எழுந்திருப்பார்களோ என்று பயந்துவிட்டேன்.

“நேரேதான் வாப்பா” என்றேன்.

கண் மங்கியிருந்தது. நம்பித் தொழுதார்கள். கடைசிக்கு முந்தின நாள், தொழுகைக்குக் கை கட்டப் போன வாப்பா நிறுத்தினார்கள்.

“என்னலே, கடக்காத்து மூஞ்சில அடிக்கி?”

“ஃபேன் காத்து வாப்பா.”

என் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கை கட்டித் தொழுதார்கள்.

வாப்பா மௌத்தான பிறகு, நடந்ததைப் பள்ளிவாசல் ஆலிமிடம் சொன்னேன். “நோயாளிக்கு முடிஞ்ச அளவுதான். அவங்க தொழுகைய அல்லாஹ் ஏத்துக்குவான். பொய் சொன்னதுக்கு நீங்க அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்யுங்க” என்றார். தவ்பா செய்துகொண்டுதான் இருக்கிறேன், மனதுதான் அடங்கவில்லை. திசை மாறினாலும் பரவாயில்லை என்றால், குதிகாலுக்காக என்னைத் திருப்பி அனுப்பினார்களே, அது எதற்கு? திசைதான் முக்கியம் என்றால், அந்த ஒன்பது நாள் தொழுகையையும் நானல்லவா கெடுத்தேன்? காற்றை அறிந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தேதான் தொழுதார்களா? யாரிடம் கேட்பேன்?

பக்கத்தில் நின்று பார்த்த நர்ஸ் பிள்ளைக்கும், கபர்க்குழி வெட்டியவர்களுக்கும், ஜனாஸா அடக்கத்தில் கலந்துகொண்ட எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாப்பாவுக்காகத் துஆச் செய்யும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படகுக்கார அண்ணாச்சிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கபருக்குள் இறங்கி வாப்பாவை வலப்பக்கமாகக் கிடத்தி, முகத்தை மேற்கே திருப்பினேன். கையை எடுக்க மனம் வரவில்லை. மீண்டும் மீண்டும் சரி பார்த்தேன். மேலே நின்ற அண்ணாச்சிதான் குனிந்து, “மேக்கதாம்ல இருக்கு. நான் பாத்துட்டேன், ஏறி வா” என்று கை கொடுத்தார்.