எண்ணூறு லிட்டர் தெளிந்த தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "ஏழு பத்து வண்டி போயிடுச்சா மாலா?" என்று கேட்டார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, அடுத்த வண்டியில் போங்கள் என்றேன். அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, நெற்றி கொதித்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பே வறட்டு இருமல் இருந்தது. ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். நம் ஆட்கள் எல்லோரும் பாதி டாக்டர்தானே.

ஊரப்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்துத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எக்ஸ்ரே எடுத்து நிமோனியா (நுரையீரலில் தொற்று ஏற்பட்டு நீர் கோத்துக்கொள்வது) என்றார்கள். அவருக்கு ஏற்கெனவே முடக்குவாதம் (தன் மூட்டுகளை உடம்பே தாக்கும் நோய்) உண்டு. அதற்குச் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதனால் இவருக்கு எந்தத் தொற்றும் லேசில் விடாது என்று டாக்டரம்மா சொன்னார்.

மறுநாள் அவர் ரவுண்ட்ஸ் வந்தபோது, அடுத்த கட்டிலை நோக்கி நடந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல ஏர்கூலர், வெந்நீர்த் தொட்டி அந்த மாதிரி ஏதாவது யூஸ் பண்றீங்களாம்மா?"

பக்கத்தில் என் நாத்தனார் நின்றிருந்தார். பள்ளிக்கரணையிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தவர். நான், "இல்ல டாக்டர்" என்றேன்.

பொய்தான். ஏன் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் போர்ட்டிகோவில் காற்றடித்து நிறுத்தும் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. வெந்நீரில் உட்கார்ந்து கைகால்களை அசைத்தால் மூட்டு இளகும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதால் மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. பொத்தானை அமுக்கினால் குமிழிகள் கொப்பளிக்கும். பார்த்தவர்களுக்கு அது சொகுசு. "வீட்டுக்குள்ளயே குற்றாலத்தைக் கொண்டாந்துட்டீங்களா?" என்று நாத்தனார் சிரித்தார். தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது. அதற்குப் பயந்து, தொட்டியை ஓரங்கட்டிவிட்டோம் என்று நாத்தனாரிடம் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் மூன்றே வாரத்தில் என் கணவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அதை எந்த மகராசனும் பார்க்கவில்லை.

தினமும் சோதனைப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் குளோரின் அளவைப் பார்க்க வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும், தண்ணீரை அவ்வப்போது முழுவதும் கொட்டித் தொட்டியைத் தேய்க்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. கொட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. பெட்டியின் மேல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு குடும்பம்.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு கோடை வந்தது. போர் வற்றி, தெருவே குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றது. எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர்கூடச் செடிக்குத்தான் போகும். அத்தனை பேர் கண்ணெதிரே எண்ணூறு லிட்டரைச் சாக்கடையில் திறந்துவிட எனக்கு மனசு வரவில்லை. குறைந்ததற்கு மட்டும் ஊற்றி நிரப்பினேன். குளோரின் கண்ணை எரிக்கிறது என்று அவர் சொன்னார். அதையும் குறைத்து, ஒரு கட்டத்தில் விட்டேவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் கலங்கியதும், லாரித் தண்ணீருக்குச் செய்வதுபோலப் படிகாரத்தைக் கட்டிச் சுழற்றினேன். கலங்கல் அடியில் தங்கி, மேலே கண்ணாடி மாதிரி ஆனது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மருந்து கேட்கவில்லை. மூச்சு நிமிடத்துக்கு நிமிடம் மேலேறிக்கொண்டிருந்தது. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கையைவிட்டு உள்சுவரைத் தடவினேன். வெண்டைக்காயை நறுக்கிய கை மாதிரி வழவழத்தது. வடிகட்டியைக் கழற்றினால் அதன் மடிப்பெல்லாம் பழுப்புக் கோழை.

துணியை எடுக்க மறந்துபோனேன். வடிகட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். நாத்தனார் எதிரிலேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். உடனே மருந்தை மாற்றினார். சிறுநீரைச் சோதித்ததில் லீஜனெல்லா (வெதுவெதுப்பான, கவனிக்காத தண்ணீரில் வளரும் கிருமி) என்று வந்தது. குமிழி வெடிக்கும்போது எழும் சாரலோடு மூச்சில் ஏறுமாம். முதலில் கொடுத்த மருந்துக்கு அது அசையாதாம். நான் வெளியே நின்று வேலை பார்த்தவள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளே உட்கார்ந்து அதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணைத் திறந்து காபி கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உயிர் போகிற கேள்வியை நடந்துகொண்டே கேட்டதற்கு ஆத்திரம். பல்லைக் காட்டிய அந்தப் பெட்டியின் மேல் ஆத்திரம். 'இதெல்லாம் நமக்கு எதுக்கு' என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்பு சொன்ன சொந்தக்காரர்கள் மேல் ஆத்திரம். வலிக்கு வைத்தியம் பார்த்தால் திமிரா? எல்லாவற்றுக்கும் மேல், ஒரு சிரிப்புக்குப் பயந்து புருஷன் உயிரைப் பணயம் வைத்தேனே, அந்த என் மேல். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நான்கு மாதம் கழித்து, குமிழி இல்லாமல் வெந்நீர் மட்டும் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். இப்போது என் காலை காபியில் தொடங்குவதில்லை, குளோரின் பட்டையில்தான் தொடங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியெல்லாம் மறந்துவிட்டது. தண்ணீர் மாற்றும் சனிக்கிழமையை வைத்துத்தான் நாளை எண்ணுகிறேன். வாஷிங்மெஷின் ஓடினாலும் அவர் மூச்சு என் காதில் விழுகிறது. மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார், நானும் கீழே நின்றுவிடுகிறேன். கண்ணை நம்புவதில்லை. உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்த பிறகுதான் அவரை இறங்கவிடுகிறேன்.

போன சனிக்கிழமை நான் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்ட நேரத்தில் நாத்தனார் வந்தார். வாசலில் ஓடிய தண்ணீரைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணாடி மாதிரி கீழ வரைக்கும் தெரியுது. இதையா மாலா கொட்றே?"

"அன்னிக்கும் இப்படித்தான் அண்ணி தெரிஞ்சுது."

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தை எடுத்து, தேங்கி நின்ற தண்ணீரைத் தெருப்பக்கம் தள்ள ஆரம்பித்தார்.