லத்தீன் ஏறாத தலை

வாத்தியார் தொழிலில் பிறரைப் பரீட்சைக்கு அனுப்புவது சுகமான வேலை. அதே வாத்தியார் தானே பரீட்சை எழுதப் போனால் அவர் படும் பாட்டை நாய்கூடப் படாது. பகலில் பாடம் சொல்லிக்கொடுத்து, மாலையில் பட்டத்துக்குப் படித்து, பாதித் தலைமுடியை இழந்த என் இனத்தாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

நாலு வாசற்படி

மலாக்கா டவுனில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் எனக்கு வேலை. ஊரை விட்டு நகராமல், தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தே சீமைப் பட்டம் வாங்கலாம் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். நான் படிக்க ஆசைப்பட்டது சரித்திரம். விதிப் புத்தகம் வந்தது. பட்டப் படிப்புக்குள் நுழையவே முதல் பரீட்சை என்று ஒன்று உண்டாம். அதில் சரித்திரத்தோடு ஆங்கிலம், தர்க்கம், லத்தீன் மூன்றும் கட்டாயமாம். நாலிலும் ஒரே தடவையில் தேற வேண்டும். ஒன்றில் கோட்டை விட்டாலும் தேறிய மற்ற மூன்றும் செல்லாது, எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். படித்தவன் என்றால் பல துறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது சீமைக்காரர் கொள்கை. கொள்கை நல்லதுதான். எனக்கு லத்தீனில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பதுதான் தொல்லை.

கணக்கு வாத்தியார் தாமோதரனிடம் புத்தகத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருக்குலா! வீட்டுக்குள்ள வரணும்னா நாலு வாசப்படியையும் ஒரே தாண்டா தாண்டணும், ஒண்ணுல கால் தட்டுனாலும் திரும்பத் தெருவுக்கே போன்னு சொல்றான்."

சொல்லிவிட்ட வாய்

இதோடு நின்றிருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அதற்குள் பக்கத்து ரயில் ஜங்ஷனான புலாவ் செபாங்கில் எனக்குப் பெண் பேசி, தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. பெண் பெயர் சிவகாமி. அப்பா ராமலிங்கம், ரயில் நிலையத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தார். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் அரிசி பருப்பு அவர் கடையிலிருந்துதான். பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று பெண் பார்க்கப் போன அன்று வாய் தவறிச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பட்டம் வந்த பிறகுதான் முகூர்த்தம் என்றார். முழுப் பட்டத்துக்கும் ஆண்டுக்கணக்காகும், அதுவரை உங்கள் மகள் காத்திருக்க வேண்டுமா என்று கெஞ்சிய பிறகு, முதல் பரீட்சை தேறினால் போதும் என்று இறங்கி வந்தார். அதற்குக் கீழே ஓர் அங்குலமும் இறங்கவில்லை.

"கடைக்கு வர்ற, தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணிங்க அத்தன பேருகிட்டயும் மாப்ள பி.ஏ.ன்னு சொல்லிட்டேன், தம்பி. என் வாயி சொன்னது சொன்னதுதான், இனிமே ஆக வேண்டியது நீங்கதான்."

பெயர், நட்சத்திரம்

மலாக்காவில் எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தவர் ஒரே ஒருவர், வயதான வெள்ளைக்காரப் பாதிரியார். பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போவேன். உட்கார்ந்து படித்தால் லத்தீன் வராது என்பது அவர் கட்சி. என்னை நிற்க வைத்து, பிரம்பால் மேஜையைத் தட்டித் தாளம் போட, நான் வேற்றுமைகளை உரக்க ஒப்பிக்க வேண்டும். ஜன்னல்கள் எல்லாம் தெருவைப் பார்த்தவை. நெற்றியில் விபூதியோடு ஒருவன் பாதிரியார் முன்னால் நின்று மாதாகோயில் பாஷையில் முழங்குவதைத் தெருவே பார்த்தது.

எனக்கு இது உறைக்கவே இல்லை. பரீட்சைப் பயத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். என் பெயரும் நட்சத்திரமும் குருக்களுக்கு மனப்பாடம். அன்றைக்குத் தட்டை வாங்காமல் என்னையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பேரு பழைய பேருதானே சார், இல்ல மாத்தியாச்சா?"

குடையோடு வந்தவர்

மலாக்காவில் தும்மினால் புலாவ் செபாங்குக்குக் கேட்கும்; இடையில் ரயில் ஓடுகிறதே! அடுத்த வாரமே, நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே ராமலிங்கம். பாதி வேற்றுமையில் நிறுத்தினேன். பாதிரியார் என்னை விடவில்லை, பிரம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ராமலிங்கம் உள்ளே வந்து, இந்தப் பையனை மதம் மாற்றுகிறீர்களா என்று மலாயில் நேராகவே கேட்டுவிட்டார். என் கல்யாணம் அந்த அறையிலேயே செத்துக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். அவரும் மலாயில்தான் பதில் சொன்னார், தமிழில் தருகிறேன். "பயப்படாதே ஐயா. இவன் தலையில் லத்தீனே ஏறவில்லை. லத்தீன் ஏறாத தலையில் எங்கள் வேதம் எங்கே ஏறப்போகிறது?"

பிளாட்பாரம்

பரீட்சை சிங்கப்பூரில். அதற்குப் புலாவ் செபாங்கில் ரயில் மாற வேண்டும். ராமலிங்கம் குடும்பத்தோடு பிளாட்பாரத்துக்கே வந்து, என் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார். கண்ணெல்லாம் எரிந்தது. சிவகாமி அம்மாவுக்குப் பின்னாலிருந்து புளிசாதப் பொட்டலத்தை நீட்டினாள். லத்தீன் ஏறாத கதை அவள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். "கையெழுத்தாச்சும் நல்லா எழுதுங்க."

தராசு

எழுதிய தாள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போயின. முடிவு வருவதற்குள் நான் பாதியாக இளைத்தேன். தபால்காரர் மணி அடித்தால் வகுப்பில் சுண்ணாம்புக் கட்டி கை நழுவி விழும். ஐப்பசி மழையில் ஒரு நாள் வந்தது. சரித்திரத்தில் தேறினேன். தர்க்கத்தில் தேறினேன். லத்தீனிலும் தேறினேன். நான் தினமும் வகுப்பில் நின்று கற்பிக்கும் ஆங்கிலத்தில் தோற்றேன். வெட்கத்தில் அன்று யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை புலாவ் செபாங் போனேன். தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றே நினைத்துப் போனேன். ராமலிங்கம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் போய்விட்டது என்றதும் முகம் இருண்டது.

"அந்த லத்தீனு?"

"தேறிட்டேன் மாமா. ஆனா அதையும் சேத்து நாலையும் மறுபடி எழுதணும்."

"மறுபடின்னா? அந்தப் பாதிரி வீட்டுக்கே மறுபடி போவீங்களா?"

"வேற யாரும் இல்லையே மாமா. இன்னும் ஒரு வருசம் போகணும்."

தராசைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். "லத்தீன் ஏறாத தலையில வேதம் ஏறாதுன்னு அந்த மனுசன் சொன்னாரு, இப்ப லத்தீன் ஏறிருச்சே! கிராணிங்ககிட்ட நான் பேசிக்கிறேன், வர்ற தையிலயே முகூர்த்தம் வச்சிருவோம், மாப்ள."

நாலிலும் சேர்ந்து தேறினால்தான் செல்லும் என்று விதி எழுதிய அந்தச் சீமைத் துரை எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், அவர் விதிப்படி நான் தோற்றதால்தான் சிவகாமிக்கு என் கையால் தாலி ஏறியது.