பிலோவின் முக்காட்டு நெட்டு

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் கல்யாணம். கோவிலில் தலையில் போட்டுக்கொள்ளக் கடையில் வாங்கிய முக்காட்டு நெட்டை என் மடியில் போட்டு, "நல்லாக்கீதா ஆயா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. புது நெட்டின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் நான் ராயபுரத்துக்குப் போய்விட்டேன், ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு.

கடலை ஒட்டிய தெரு. நானும் பிலோமினாவும் அவள் வீட்டு முன்னறையில் மரச்சட்டத்தில் நெட்டை இழுத்துக் கட்டி, கல்யாணப் பெண்களுக்குப் பூ வேலை செய்வோம். வலை மாதிரிக் கண் கண்ணாக இருக்கும் துணி அது. நூலைக் கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தால் கண் கிழிந்துவிடும். நான் இழுப்பேன், கிழியும், பிலோ திட்டிக்கொண்டே சரிசெய்வாள். கொட்டாவி விட்டபடியே நேராகத் தைக்கிற கை அவளுக்கு.

அவளுக்கும் துறைமுகத்தில் வேலை பார்த்த சூசைக்கும் நிச்சயமானது. தன் நெட்டின் ஓரமெல்லாம் மல்லிகை மொட்டுப் போட்டாள். முடிக்கிற சமயத்தில் பெரியம்மை கண்டது. பிழைத்தாள். ஆனால் ஒரு கண் போயிற்று, மறு கண் மங்கிவிட்டது; முகமெல்லாம் தழும்பு.

சூசை ஒருநாள் வந்தான். வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனான். பிறகு அவன் அம்மா வந்து, பிலோவின் தங்கை தெரேசாவைப் பெண் கேட்டாள். பிலோவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டே சரி என்றார். யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிலோ என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"தெரேசா என்னவிட ஒசரம். நெட்டு பத்தாது. ஒரு சாண் ஒட்டி மொட்டு போட்டுக் குடுடி. எனக்குக் கண்ணு தெரில."

"உன்னுத இன்னாத்துக்குடி குடுக்கற?"

"வச்சிகினு நான் இன்னா பண்றது?"

ஒட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவி, கோணிப்போன மொட்டுகளையெல்லாம் பிரிக்கச் சொன்னாள். கல்யாணத்தன்று மாதா கோவிலில் கடைசி வரிசையில் இருந்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு இறால் உரிக்கப் போனாள். பிறகு தன் அத்தை வீட்டாரோடு எர்ணாவூருக்குப் போய்விட்டாள். நான் கல்யாணமாகிப் புளியந்தோப்புக்கு வந்தேன்.

எங்கள் தெருவைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். வெகுகாலம் கழித்து எர்ணாவூரில் அவளைத் தேடிப் போனேன். குழாயடியில் ஒருத்தியிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன்.

"அம்மத் தழும்புக்காரியா? அது போய்ச் சேந்து எவ்ளோ நாளாச்சி. இன்னா பேரு சொன்னீங்க?"

பிலோமினா என்றேன். அந்தப் பெயரை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள்.