பாகுக்கு வலது, போலீசுக்கு இடது

சொம்புத் தண்ணீரில் வலது கையை முக்குகிறார். அதே வேகத்தில் கொதிக்கும் கொப்பரைக்குள் விட்டு ஒரு கிள்ளுப் பாகை வழித்தெடுத்து, மறுபடி சொம்புக்குள். தண்ணீரில் பாகு உருண்டு திரண்டால் பதம். "இன்னுங் கொஞ்சம் பொறுங்க, அவசரப்படாதீங்க" என்று அவர் சொல்வது பாகிடம்தான். ஈர விரலைப் பாகு ஒன்றும் செய்யாது. காய்ந்த விரலை விட்டால் தோல் கையோடு திரும்பி வராது.

கிணத்துக்கடவுக் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் சென்னகிருஷ்ணனுக்கு 'மாட்டேன்' என்ற சொல்லே வாயில் வராது. ஆலை சுற்றும் எருதைக்கூட "சித்த நகருங்க" என்பார். இந்த மரியாதையை மோப்பம் பிடித்தவர் வரதராஜுலு ஏட்டு. கேசுக்குச் சாட்சி வேண்டுமென்றால் காகிதமும் மைப்பெட்டியுமாக ஆலைக்கு வந்துவிடுவார். அடுப்படியை விட்டு நகராமலே அந்த வட்டாரத்துக் களவுகள் அத்தனையையும் சென்னகிருஷ்ணன் கண்ணால் பார்த்தாயிற்று. கோழி திருடியவனை ஒரு தோப்பிலும், அதே பொழுதில் ஆடு திருடியவனை இன்னொரு தோப்பிலும்கூடப் பார்த்திருக்கிறார். "உமக்கு வேறு வேலையே இல்லையா?" என்று மாஜிஸ்திரேட்டே ஒருமுறை கேட்டுவிட்டார்.

"இருக்குதுங்க எசமான், வெல்லங் காச்சறதுங்க."

கோர்ட்டே சிரித்தது. மாட்டியவர்களெல்லாம் முகம் தெரியாதவர்கள். திருடாமலா பிடித்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்வார். ரேகைக்கு இடது கைப் பெருவிரல்தானே? ஆகவே பாகுக்கு வலது, போலீசுக்கு இடது என்று பிரித்துக் கொடுத்திருந்தார்.

இந்த முறை மாட்டியவன் ரசாக். ஆலை வெல்லத்தைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரன். மத்தியானச் சோற்றுக்குச் சென்னகிருஷ்ணனோடு உட்காருபவன். ஆனைமலை அம்மனைக் கும்பிடக் குடும்பத்தோடு போக ஏட்டு அவன் வண்டியைக் கேட்டார். "மாட்டுக்குக் கால் நோவுங்க" என்றான். உண்மையும் அதுதான். மறுநாளே எவர் வீட்டிலோ தொலைந்த வெண்கலக் குண்டா அவன் வண்டி வைக்கோலுக்குள் முளைத்தது. ரசாக் லாக்கப்புக்குப் போனான்.

காலையில் அவன் மனைவி உம்மல் குல்சும் வந்து கரும்புச் சக்கைக் குவியலருகே நின்றாள். "அண்ணா, நீங்க கைநாட்டு வெச்சாத்தான் கேசு நிக்குமாமுங்க. அடிச்ச அடியில அவரால நிக்கவே முடியலீங்க."

சென்னகிருஷ்ணன் ஒரு பிடி சக்கையை அடுப்புக்குள் தள்ளினார். "பாக்கலாமுங்க அம்மணி" என்றார்.

உச்சிப்பொழுதில் ஏட்டு வந்தார். ஆறப்போட்டிருந்த வெல்லத்தில் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டு மைப்பெட்டியைத் திறந்தார். "ரசாக் குண்டாவை ஒளிச்சு வெச்சதை நீ பாத்தே. கைநாட்டு வை, சென்னா."

"நானுங்களா?"

"பின்னே நானா? ஏன், மாட்டேங்கறியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லுவனுங்களா? பதம் ஒண்ணு பாத்துப்போட்டு வாரேனுங்க."

கொப்பரை முன் குந்தினார். தண்ணீர்ச் சொம்பை அப்பால் நகர்த்தினார். இடது கைப் பெருவிரலை ஈரம் போக வேட்டியில் துடைத்துவிட்டுப் பாகுக்குள் விட்டார்.