எண்பது காட்டியது, அறுபதில் நின்றது

மண்ணரையில் ஒரு சாயப்பட்டறை. அங்கிருந்த டையிங் மெஷினுக்கு எங்கள் கம்பெனிதான் கன்ட்ரோல் போர்டு செய்து கொடுத்திருந்தது. ஒரு லாட் துணி முழுக்க வெளுத்துவிட்டது என்று ஓனர் போன் செய்ததும் நான் போனேன்.

"இவன் எண்பது டிகிரி வெக்க மறந்துட்டானுங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டேன். எதுக்கும் போர்டையும் ஒருக்கா பாத்துருங்க மேடம்" என்று ஆபரேட்டர் ராஜேஷைக் காட்டிவிட்டு ஓனர் ஆபீசுக்குள் போனார்.

ராஜேஷ் பீகார்க்காரர். "நான் வெச்சேன் மேடம். ஸ்கிரீன்ல எண்பது வந்துச்சு" என்றார்.

மெஷினில் வெறும் தண்ணீர் விட்டு, மறுபடியும் எண்பது வைக்கச் சொன்னேன். ஸ்கிரீனில் எண்பது வந்தது. தண்ணீர் அறுபதிலேயே நின்றது.

லேப்டாப்பில் ப்ரோகிராமைத் திறந்தேன். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். வெப்பநிலை 'டார்கெட்' என்ற வேரியபிளில் இருந்தது. அதை மாற்ற ஒரு ஃபங்ஷன். அதற்கு டார்கெட்டின் மதிப்பை மட்டும் அனுப்பியிருந்தார். C மொழியில் அப்படி அனுப்பினால் உள்ளே போவது நகல்தான். எண்பது அந்த நகலில் ஏறி, ஸ்கிரீனிலும் தெரிந்தது. ஃபங்ஷன் முடிந்ததும் நகல் போய்விட்டது. தண்ணீரைச் சூடாக்கும் ஸ்டீம் வால்வுக்குப் பழைய அறுபதுதான் தெரியும். அதுவரை வந்த சாயமெல்லாம் அறுபது டிகிரியில் ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை; இந்த லாட்டின் சாயம்தான் முதன்முதலாக எண்பது கேட்டது.

ஃபங்ஷனின் பாராமீட்டரை, முகவரியை வாங்கும் பாயின்டராக மாற்றினேன். கூப்பிடும் இடத்தில் டார்கெட்டுக்கு முன்னால் & போட்டேன். இப்போது போவது முகவரி. ஃபங்ஷனுக்குள் * போட்டு எழுதினால் அசல் டார்கெட்டே மாறும். போர்டில் ஏற்றியதும் தண்ணீர் எண்பதைத் தொட்டது.

எங்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன். "சரி பண்ணியாச்சில்லீங்க, கெளம்பி வந்துருங்க. காரணமெல்லாம் சொல்ல வேண்டாம்" என்றார். வெளியே ராஜேஷ் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஆபீசுக்குள் போனேன்.

"தப்பு எங்க ப்ரோகிராம்லங்க. அவரு சரியாத்தான் வெச்சிருக்காரு."

ஓனர் கேட்டார்: "இத டெஸ்ட் பண்ணியல்ல குடுத்திருக்கோணும்?"

"ஆமாங்க."

ஓனர் எழுந்து வெளியே போய், "ராஜேஷு, அடுத்த லாட்ட ஏத்துப்பா" என்றார். மேனேஜர் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

புதிதாக C எழுதுகிறவர்களுக்குச் சொல்வேன்: ஒரு வேரியபிளை ஃபங்ஷன் மாற்ற வேண்டுமென்றால் அந்த வேரியபிளின் முகவரியை அனுப்புங்கள். மாறியதா என்று ஃபங்ஷனை விட்டு வெளியே வந்து பாருங்கள். எங்கள் கம்பெனியில் உள்ளேயே பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டார்கள். அதனால் ராஜேஷின் வேலை போக இருந்தது.